கீழூரில் கூடிய 178 பேர்

நைனார்பாளையத்தில் 1993-க்கு முன் பிறந்து இன்றும் அங்கேயே வாழும் எவரும் மூன்று மாவட்டங்களைப் பார்த்தவர். பிறந்தபோது தென்னார்க்காடு. 1993 செப்டம்பர் 30-ல் அது இரண்டானபோது விழுப்புரம். 2019 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்து, நவம்பர் 26-ல் புது மாவட்டம் தொடங்கியதும் கள்ளக்குறிச்சி. வீடும் வயலும் இருந்த இடத்திலேயே இருக்க, பத்திரத்திலும் குடும்ப அட்டையிலும் மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. யாரும் வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் தெரிந்ததுதான். ஆட்சியரிடம் ஒரு மனு கொடுக்க விழுப்புரம் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆட்சியர் அலுவலகம் பக்கத்தில் வருவதை யார் வேண்டாம் என்பார்கள்? இதே மாவட்டத்தின் கல்வராயன் மலைக்காரர்களையும் யாரும் கேட்டதில்லை. நாடு விடுதலை பெற்றுக் கால் நூற்றாண்டு கடந்த பிறகும் ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த அந்த மலை, 1976-ல்தான் அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தது.

மாவட்டத்தின் எல்லையை ஓர் அரசாணை மாற்றிவிடும். நாட்டின் எல்லையை எது மாற்றும்? தொலைதூரத்துக் கேள்விபோலத் தோன்றலாம். ஆனால் நைனார்பாளையம் இருந்த அதே பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், ஓர் அரசியல் ஒன்றியத்தை விட்டு விலகுவதா, அதிலேயே இருப்பதா என்ற கேள்வி எழுந்து, ஏழு ஆண்டுகள் நீடித்து, கடைசியில் ஒரு சிற்றூரில் நடந்த வாக்கெடுப்பில் முடிந்தது. விலக வேண்டிய ஒன்றியத்தின் பெயர் பிரெஞ்சு ஒன்றியம். சிற்றூரின் பெயர் கீழூர்.

புதுச்சேரி வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் விசித்திரம் தெரியும். அது ஒரே நிலப்பரப்பு அல்ல. பாகூர், நெட்டப்பாக்கம், திருபுவனை, மண்ணாடிப்பட்டு என்று துண்டு துண்டாகத் தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கிறது. 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தத் துண்டுகளில் பிரெஞ்சுக் கொடியும், சுற்றியிருந்த தென்னார்க்காட்டில் இந்தியக் கொடியும் பறந்தன. பெண் கொடுத்த வீடு ஒரு நாட்டிலும் எடுத்த வீடு வேறொரு நாட்டிலும் இருந்த குடும்பங்கள் எத்தனையோ.

1946-ல் பிரான்ஸ் எழுதிக்கொண்ட புதிய அரசியல் சட்டம் தன் குடியேற்ற நாடுகளை எல்லாம் பிரெஞ்சு ஒன்றியம் என்ற ஒரே கூரைக்குள் வைத்தது. அதன் 27-வது பிரிவு ஒரு நிபந்தனை விதித்தது: எந்த நிலப்பகுதியையும் அங்கு வாழும் மக்களின் சம்மதம் இல்லாமல் வேறு நாட்டுக்குக் கொடுப்பது செல்லாது. இந்த ஒரு வரிதான் புதுச்சேரிக் கதையின் அச்சு. இந்தியாவும் பிரான்சும் 1948 ஜூனில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. மக்களே வாக்களித்து முடிவு செய்வார்கள். எப்போது, எப்படி என்பதை நகராட்சி மன்றங்களுடன் கலந்து தீர்மானிப்பது என்று ஏற்பாடு.

முதலில் வாக்களித்தது வங்காளத்தில் கல்கத்தாவுக்கு அருகே இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூர். 1949 ஜூன் 19. இந்தியாவுடன் சேர 7,473 வாக்குகள். பிரெஞ்சு ஒன்றியத்தில் இருக்க 114. அங்கே கதை அதோடு முடிந்தது.

புதுச்சேரியில் முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் நடத்துவது என்று பேசப்பட்ட வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. வாக்காளர் பட்டியலில் யார் இருப்பது, யார் கண்காணிப்பது, வன்முறை இல்லாமல் நடக்குமா என்று ஒவ்வொன்றிலும் இழுபறி. 1951-ல் நடுநிலைப் பார்வையாளர்கள் வந்து பார்த்தார்கள்; மக்கள் அச்சமின்றி வாக்களிக்கும் சூழல் அங்கே இல்லை என்பது அவர்கள் கருத்தாக இருந்தது. 1952-ல், இனி வாக்கெடுப்பு வேண்டாம், நேரடியாக ஒப்படைப்பதுதான் வழி என்று இந்தியா சொல்லிவிட்டது. 1954 மார்ச்சில் காற்று திசை மாறியது. அதுவரை பிரெஞ்சு ஆதரவுக் கட்சியின் தூணாக இருந்த எதுவார் குபேர் இணைப்பின் பக்கம் வந்தார். நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாஹேயும் பிரெஞ்சு ஆட்சியின் கையை விட்டுப் போயின. அக்டோபர் 18-ல் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் கீழூரில் கூடினார்கள். இணைப்புக்கு ஆதரவு 170. எதிர்ப்பு 8. மூன்று நாள் கழித்து டெல்லியில் ஒப்பந்தம். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது.

அந்த 178 பேரில் ஒருவராக நாம் இருந்திருந்தால், அல்லது நடக்காமல் போன அந்தப் பொதுவாக்கெடுப்பில் பாகூர்ப் பக்கத்து விவசாயி ஒருவராக இருந்திருந்தால், எப்படி முடிவெடுத்திருப்போம்? சந்திரநாகூரிலும் கீழூரிலும் வந்த எண்களைப் பார்த்து, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இன்று கேட்பது எளிது. அன்று கையில் சீட்டு இருந்தவருக்கு அது அவ்வளவு எளிதாக இருந்திருக்க முடியாது. அண்ணன் சைகோனில் பிரெஞ்சு அரசு வேலையில் இருக்கிறார். அப்பாவுக்குப் பட்டாளத்து ஓய்வூதியம் பிராங்கில் வருகிறது. இந்தப் பக்கமோ, எல்லையில் சுங்கக் கெடுபிடி இறுகி, சாமான் வரத்து குறைந்து, வீட்டில் அரிசி விலை ஏறியிருக்கிறது. தேசப்பற்று ஒரு பக்கம் இழுக்க, அடுத்த மாதச் செலவு இன்னொரு பக்கம் இழுக்கும். மனித மனம் இந்த இடத்தில் என்ன செய்யும் என்பதைக் கடந்த அரை நூற்றாண்டாக ஆய்வாளர்கள் கூர்ந்து பார்த்து வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது எனக்கு வியப்பைத் தருகிறது, கொஞ்சம் அச்சத்தையும்.

டேனியல் கானமன், ஏமாஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-ல் வெளியிட்ட கட்டுரை, இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரிதாக உறைக்கிறது என்று காட்டியது. நூறு ரூபாய் தொலைந்தால் வரும் வருத்தத்தை, நூறு ரூபாய் கண்டெடுத்தால் வரும் சந்தோஷம் ஈடுசெய்வதில்லை. 1988-ல் வில்லியம் சாமுவல்சன், ரிச்சர்ட் செக்ஹவுசர் இருவரும் இதன் தொடர்ச்சியைக் காட்டினார்கள். பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது, அவற்றில் ஒன்றுக்கு 'இப்போது இருப்பது இதுதான்' என்ற முத்திரை விழுந்துவிட்டால் அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் கூடிவிடுகிறார்கள். வழிகள் மாறவில்லை, முத்திரை மட்டுமே புதிது. விலகலாமா என்ற வாக்கெடுப்பில் இருப்பதன் பக்கம் நிற்பவர்கள் ஏன் பென்ஷன், வேலை, நாணயம் என்று இழப்புகளையே அடுக்குகிறார்கள் என்பதற்கு விடை இங்கே கிடைக்கிறது. விலகச் சொல்பவர்களும் அதே நரம்பைத்தான் தொடுகிறார்கள்: இருந்தால் மொழி போகும், உரிமை போகும், மானம் போகும். இரண்டு மேடைகளிலும் பேசுவது இழப்பைப் பற்றித்தான்.

இருப்பது தெரிந்தது, விலகுவது தெரியாதது. ஆகவே இருப்பதே பத்திரம் என்ற எண்ணம் எல்லோருக்கும் இயல்பாக வரும். இதற்குப் பொருளாதாரத்திலும் ஓர் ஆதரவு உண்டு. திரும்பப் பெற முடியாத முடிவைத் தள்ளிப்போடுவதற்கே தனியாக ஒரு மதிப்பு இருக்கிறது என்று கென்னத் ஆரோவும் அந்தோணி ஃபிஷரும் 1974-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். விலகிவிட்டால் மீண்டும் சேர்வது கடினம்; இருந்தால் நாளை விலகிக்கொள்ளலாம். காத்திருக்கும்போது புதிய செய்தி வரும். சரியான வாதம்தான். ஆனால் இருக்கும் இடம் அசையாமல் இருந்தால் மட்டுமே அது சரி.

பிரெஞ்சு ஒன்றியத்தையே பாருங்கள். 1949-ல் புதுச்சேரியில் வாக்கெடுப்பு நடந்து, தெரிந்ததை விடவேண்டாம் என்று பெரும்பான்மை முடிவெடுத்திருந்தால், எதில் இருக்க வாக்களித்திருப்பார்கள்? 1954 மே 7-ல் தியன் பியன் பூ கோட்டை வீழ்ந்தது. இந்தோசீனா பிரான்சின் கையை விட்டுப் போனது. புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றின் சம்பாத்தியம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 1958-ல் பிரான்சின் அரசியல் சட்டமே மாறி, பிரெஞ்சு ஒன்றியம் என்ற அமைப்பு இல்லாமல் போனது. அதற்குப் பதில் வந்த பிரெஞ்சு சமூகம் என்ற ஏற்பாட்டை அதே ஆண்டு செப்டம்பர் 28-ல் வாக்கெடுப்புக்கு விட்டபோது, ஆப்பிரிக்காவின் கினி நூற்றுக்கு 95-க்கும் மேல் வேண்டாம் என்று சொல்லி நான்கே நாளில் தனி நாடானது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில், வேண்டும் என்று வாக்களித்த ஆப்பிரிக்க நாடுகளும் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றன. பத்தே ஆண்டில் கரைந்துபோகப் போகும் ஒன்றை, நிலையானது என்று நம்பி ஒருவர் தேர்ந்தெடுத்திருக்கக் கூடும்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் இதைச் சொந்த அனுபவத்தில் கண்டார்கள். 2014 செப்டம்பர் 18-ல் ஐக்கிய ராஜ்யத்தை விட்டு விலகுவதா என்ற வாக்கெடுப்பில் 84.6 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 55.3 சதவீதம் பேர் இருப்போம் என்றார்கள். அப்போது எழுந்த வாதங்களில் ஒன்று, பிரிட்டனில் இருந்தால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் நிச்சயமாக இருக்கலாம் என்பது. 2016 ஜூன் 23-ல் ஐக்கிய ராஜ்யம் முழுவதும் வாக்களித்தபோது 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகச் சொன்னார்கள். ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் இருக்கவே விரும்பினார்கள். ஆனாலும் வெளியேற வேண்டியதாயிற்று. 2014-ல் அவர்கள் எந்த ஏற்பாட்டில் இருக்க வாக்களித்தார்களோ, அந்த ஏற்பாடு இரண்டே ஆண்டில் மாறிப்போனது.

ஆகவே சீட்டில் இருக்கும் இரண்டு கட்டங்களையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். விலகினால் பத்து ஆண்டில் என்ன ஆகும் என்று கேட்பது போலவே, இருந்தால் பத்து ஆண்டில் என்ன ஆகும் என்றும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு எவ்வளவு சான்று கேட்கிறோமோ அவ்வளவை இரண்டாவதற்கும் கேட்க வேண்டும். இப்படிக் கேட்கப் பழகியவரை எந்த மேடையும் எளிதில் பயமுறுத்த முடியாது.

இன்னொரு கேள்வி, எல்லாத் தேர்தலிலும் வருவது: என் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடப் போகிறது? பொருளியலாளர் அந்தோணி டவுன்ஸ் 1957-ல் இதை ஒரு புதிராகவே முன்வைத்தார். ஒரு வாக்கு முடிவை மாற்றுவது மற்ற எல்லா வாக்குகளும் சரிசமமாகப் பிரிந்தால் மட்டுமே. 178 பேரும் நாணயம் சுண்டி வாக்களிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், வாக்குகள் சரிபாதியாக நிற்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறு. கொஞ்சமில்லை. ஒரு கோடிப் பேர் நாணயம் சுண்டினால் அது சுமார் நாலாயிரத்தில் ஒன்றாகக் குறையும். அந்த நாணயம் நூற்றுக்கு 51 தடவை ஒரு பக்கம் விழும்படி மிகச் சிறிதளவு சாய்ந்திருந்தாலோ, வாய்ப்பு எண்ணிப் பார்க்க முடியாத அளவுக்குச் சுருங்குகிறது. ஒன்றின் பின்னால் 800-க்கும் மேற்பட்ட சுழியங்கள் போட்டு வரும் எண்ணில் ஒரு பங்கு!

நல்லவேளையாக நிஜத்தில் நிலைமை அப்படி இல்லை. ஊர் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. 40-லிருந்து 60 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று மட்டும் தெரிந்தால், ஒரு கோடி வாக்காளர்களில் ஒருவருடைய வாக்கு முடிவைத் தீர்மானிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இருபது லட்சத்தில் ஒன்று. லாட்டரியைவிடப் பரவாயில்லை, ஆனால் என் வீட்டுக்கு வரும் லாபத்தை அதால் பெருக்கினால் மிஞ்சுவது ஒன்றுமே இல்லை. வாக்குச்சாவடிக்கு நடக்கும் செலவுக்குக்கூடக் கட்டாது.

புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மனும் அவருடைய தோழர்களும் 2007-ல் இந்தக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்கள். வாக்காளர் எண்ணிக்கை கூடக்கூட என் வாக்குக்கு உள்ள வாய்ப்பு குறைகிறது. ஆனால் அந்த முடிவால் பாதிக்கப்படுபவர்களின் எண்ணிக்கையும் அதே வேகத்தில் கூடுகிறது. இருபது லட்சத்தில் ஒன்று என்ற வாய்ப்பை என் ஒருவனின் நன்மையால் பெருக்கினால் ஒன்றுமில்லை. ஒரு கோடிப் பேரின் நன்மையால் பெருக்கினால் பெரிய தொகை வருகிறது. என் பை நிறையுமா என்று பார்த்து வாக்களிப்பது கணக்குப்படி வீண் வேலை. எல்லோருக்கும் என்ன நேரும் என்று பார்த்து வாக்களிப்பது கணக்குப்படியே பொருளுள்ள வேலை. பிறர் நலம் நினைப்பது அறம் என்றே கேட்டு வளர்ந்த நமக்கு, அதே இடத்துக்குப் பெருக்கல் கணக்கும் கூட்டிச் செல்வது எத்தனை பெரிய மகிழ்ச்சி! நைனார்பாளையத்துக் கடைவீதியில் தேர்தல் காலத்தில் நடக்கும் பேச்சைக் கேட்டவர்களுக்கு இதில் புதிது எதுவும் இல்லை என்றும் தோன்றலாம். எனக்கு என்ன கிடைக்கும் என்று தொடங்குகிறவரும் பேச்சு முடிவதற்குள் ஊருக்கு என்ன கிடைக்கும் என்று வந்துவிடுவதை அங்கே பார்க்கலாம்.

சரி, தனி மனிதர்கள் நல்ல எண்ணத்தோடு வாக்களித்தால் கூட்டத்தின் முடிவு சரியாக இருக்குமா? பிரெஞ்சுப் புரட்சிக்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1785-ல், கொந்தொர்சே என்ற கணித அறிஞர் ஒரு தேற்றத்தை எழுதினார். ஒரு கேள்விக்குச் சரியான விடை ஒன்று இருக்கிறது. ஒவ்வொருவரும் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 51 மட்டுமே. அதாவது ஏறக்குறைய குருட்டாம்போக்கு. அப்படிப்பட்ட ஆயிரம் பேரின் பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 74. பத்தாயிரம் பேர் என்றால் 98. தனித்தனியாகப் பார்த்தால் எவருமே அறிஞர் இல்லை. சேர்ந்தால் ஏறக்குறைய தவறே செய்யாத ஒரு கூட்டம். மக்களாட்சிக்கு இதைவிட அழகான கணித ஆதரவு எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் தேற்றத்துக்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது: ஒவ்வொருவரும் தனியாக யோசித்திருக்க வேண்டும். பத்தாயிரம் பேர் ஒரே ஒருவர் சொன்னதைக் கேட்டு வாக்களித்தால், அது பத்தாயிரம் தலைகள் அல்ல, ஒரு தலை. சரியாக இருக்கும் வாய்ப்பும் அந்த ஒருவருடைய 51-தான். புதுச்சேரியில் 1948 அக்டோபரில் நடந்த நகராட்சித் தேர்தலில் குபேரின் கட்சி வென்றது. அப்போது அந்த மன்றங்கள் பிரான்சின் பக்கம். 1954 மார்ச்சில் குபேர் மாறினார். மேயர்களும் மன்றங்களும் அவரோடு மாறினார்கள். கீழூரில் கிடைத்த 170 வாக்குகளை 170 தனித் தீர்ப்புகள் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. முடிவு சரியானது என்றே நம்புகிறேன். மொழியாலும் உறவாலும் நிலத்தாலும் பிணைந்த மக்களை ஒரு கடல் கடந்த ஆட்சி பிரித்து வைத்திருப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை. ஆனால் முடிவு சரி என்பதும், அதை அளந்த கருவி சரி என்பதும் வேறு வேறு.

பிரதிநிதிகளைக் கேட்பதும் மக்களைக் கேட்பதும் ஒன்றல்ல என்பதற்கு கோவாவைவிட நல்ல சான்று இந்தியாவில் இல்லை. 1963-ல் அங்கே நடந்த முதல் தேர்தலில், மகாராஷ்டிரத்துடன் கோவாவை இணைப்போம் என்று சொன்ன மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. தயானந்த் பந்தோட்கர் முதல்வரானார். கீழூர் முறையில் சட்டமன்ற உறுப்பினர்களை மட்டும் கேட்டிருந்தால் கோவா அன்றே மகாராஷ்டிரத்தின் ஒரு பகுதியாகியிருக்கும். ஜாக் டி செக்வேரா தலைமையிலான எதிர்த்தரப்பு மக்களைக் கேளுங்கள் என்று விடாமல் நின்றது. வாக்கெடுப்பு நேர்மையாக நடக்க வேண்டும் என்பதற்காக பந்தோட்கர் அரசு பதவி விலகியது. 1967 ஜனவரி 16-ல் மக்கள் முன் இரண்டு சின்னங்கள் வைக்கப்பட்டன: இணைப்புக்குப் பூ, தனி யூனியன் பிரதேசமாக இருக்க இரட்டை இலை. இலைக்கு 1,72,191 வாக்குகள், பூவுக்கு 1,38,170. அதற்கு இரண்டு மாதம் கழித்து நடந்த சட்டமன்றத் தேர்தலில் அதே மக்கள் அதே பந்தோட்கரின் கட்சியை மீண்டும் ஆட்சியில் உட்காரவைத்தார்கள். கட்சிக்குப் போடும் வாக்கு வேறு, மண்ணின் எல்லைக்குப் போடும் வாக்கு வேறு என்று அவர்கள் தெளிவாக இருந்தார்கள். இந்திய மக்களாட்சி வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் தருணங்களில் அது ஒன்று.

கோவாவில் இரண்டு பக்கமும் என்னவென்று தெரிந்திருந்தது. இணைந்தால் மகாராஷ்டிரம், இல்லையென்றால் யூனியன் பிரதேசம். ஒரு பக்கம் தெளிவில்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதும் கொந்தொர்சேயின் நோட்டில் இருக்கிறது. நூறு வாக்காளர்கள். 45 பேர் ஒன்றியத்தில் இருக்க விரும்புகிறார்கள். 28 பேர் விலகினாலும் வணிக உறவு தொடர வேண்டும் என்கிறார்கள்; அது இல்லையென்றால் இருப்பதே மேல் என்பது அவர்கள் எண்ணம். 27 பேர் முழுக்க அறுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள்; அரைகுறையாக விலகுவதற்குப் பேசாமல் இருந்துவிடலாம் என்பது இவர்கள் எண்ணம். 'இருப்பதா, விலகுவதா' என்று மட்டும் கேட்டால் விலகலுக்கு 55, இருப்பதற்கு 45. விலகல் வெற்றி. இப்போது 'இருப்பதா, வணிக உறவோடு விலகுவதா' என்று கேளுங்கள். 72-க்கு 28 என்று இருப்பது வெல்லும். 'இருப்பதா, முழுக்க விலகுவதா' என்று கேளுங்கள். 73-க்கு 27; மறுபடியும் இருப்பதே வெல்லும். எப்படி விலகுவது என்று சொல்லிக் கேட்ட ஒவ்வொரு தடவையும் தோற்கும் விலகல், அதைச் சொல்லாமல் கேட்டால் மட்டும் வெல்கிறது. ஏமாற்று எதுவும் இல்லை. கள்ள வாக்கு இல்லை. எல்லாம் கேள்வியை அமைத்த விதம்.

லண்டன் நாடாளுமன்றம் இந்தச் சிக்கலில் நேராகப் போய் மாட்டியது. விலகச் சொல்லி மக்கள் வாக்களித்து மூன்று ஆண்டு ஆகப்போகும் நேரம், 2019 மார்ச் 27-ல், எப்படி விலகுவது என்பதற்கு எட்டு வழிகளை முன்வைத்து உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். எட்டுமே தோற்றன. ஏப்ரல் 1-ல் நான்கை மட்டும் வைத்து மறுபடி வாக்கெடுப்பு. நான்கும் தோற்றன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1995-ல் பிரிவினை வாக்கெடுப்பு 50.58-க்கு 49.42 என்ற மயிரிழையில் தோற்ற பிறகு, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1998-ல் இரண்டு நிபந்தனைகளைச் சொன்னது: கேள்வி தெளிவாக இருக்க வேண்டும், பெரும்பான்மையும் தெளிவாக இருக்க வேண்டும். 2000-ல் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள்.

புதுச்சேரியிலும் இந்த முடிச்சு இருந்தது. இந்தியாவுடன் சேர்வது என்றால் சென்னை மாகாணத்தின் ஒரு தாலுகாவாகக் கரைவதா, தனி அலகாக நிற்பதா? கீழூரில் 170 பேர் சொன்னது இந்தியாவுடன் சேர்கிறோம் என்பதை. எப்படி என்பதை ஒப்பந்தங்கள் பார்த்துக்கொண்டன. 1956 மே 28-ல் கையெழுத்தான ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சும் ஆட்சிமொழியாக இருக்கும் என்றது. 1963-ல் யூனியன் பிரதேசச் சட்டம் வந்தது. 1979 ஜனவரியில் மத்தியில் மொரார்ஜி தேசாய் அரசு இருந்தபோது, புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. ஊரே தெருவுக்கு வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, யோசனை கைவிடப்பட்டது. இந்தியாவுடன் சேர்வதற்கு ஏறக்குறைய ஒருமனதாக இருந்த ஊர், எதனோடு எப்படிச் சேர்வது என்பதில் எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதை 25 ஆண்டுகள் கழித்துத்தான் டெல்லி தெரிந்துகொண்டது.

வாக்களித்த பிறகு முடிவை யார் நிறைவேற்றுவார்கள் என்பதையும் சீட்டைக் கையில் வாங்கும் முன்பே கேட்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1933 ஏப்ரல் 8-ல் மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆஸ்திரேலிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தார்கள். அதே நாளில் நடந்த மாநிலத் தேர்தலில், விலகலை ஆதரித்த ஆட்சியைத் தோற்கடித்து, விலகலை விரும்பாத தொழிற்கட்சியிடம் அரசை ஒப்படைத்தார்கள். மனு லண்டன் போனது. ஆஸ்திரேலிய மத்திய அரசு கேட்டால் ஒழிய இதில் தலையிட முடியாது என்று 1935-ல் நாடாளுமன்றக் குழு கைவிரித்தது. மேற்கு ஆஸ்திரேலியா இன்றும் அங்கேதான் இருக்கிறது.

புதுச்சேரிக்கு வருவோம். 1954-ல் நிர்வாகம் கைமாறினாலும் சட்டப்படி அது பிரான்சின் மண்ணாகவே இருந்தது. அல்ஜீரியப் போர் நடந்துகொண்டிருந்தவரை, ஒரு துண்டு நிலத்தைக்கூட விட்டுக்கொடுப்பதாகக் காட்டிக்கொள்ள பாரிஸ் தயாராக இல்லை. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதே மாதம் பிரெஞ்சு நாடாளுமன்றம் புதுச்சேரி ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்தது. ஆகஸ்ட் 16-ல் அது நடைமுறைக்கு வந்தது. கீழூரில் ஆண்டுதோறும் அந்த நாளில்தான் கொடியேற்றுகிறார்கள்.

மக்களை ஒவ்வொருவராகக் கேட்ட வாக்கெடுப்பு உண்மையில் தொடங்கியது அன்றுதான். ஒப்பந்தப்படி, அங்கே பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். வேண்டாம், பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வாய்திறக்காமல் இருந்தால் இந்தியர். எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக்காரர். 'இப்போது இருப்பது இதுதான்' என்ற முத்திரை மனதை எப்படிச் சாய்க்கும் என்று பார்த்தோமே, அது இப்போது இந்தியாவின் பக்கம் விழுந்திருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். மிகப் பெரும்பாலோர் கொடுக்கவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து 'சொல்தா' என்று ஊரில் அழைக்கப்பட்டவர்களின் வீடுகளில் ஓய்வூதியமும் பிள்ளைகளின் படிப்பும் கணக்கில் வந்தன. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிகள் ஒருவர் இந்தியராகவும் ஒருவர் பிரெஞ்சுக்காரராகவும் ஆனார்கள். எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் பிரெஞ்சு அதிபர் தேர்தலில் புதுச்சேரியிலேயே வாக்களிக்கிறார்கள்.

இந்தத் தேர்வில் இருபது லட்சத்தில் ஒன்று என்ற கணக்கு கிடையாது. அவரவர் கையெழுத்து அவரவர் தலைவிதியை முழுமையாகத் தீர்மானித்தது. இன்னொரு பொருளில் அது பிறருக்கான வாக்காகவும் இருந்தது. மணமாகாத, 18 வயது நிரம்பாத பிள்ளைகளின் குடியுரிமை தந்தை எழுதிக் கொடுப்பதைப் பொறுத்தது. தந்தை இல்லையென்றால் தாய். திருமணமான, 16 வயது கடந்த ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது. அதே வயதில் மணமான பெண்பிள்ளைகளுக்கு அந்த வரியில் இடம் இல்லை. 2014-ல் ஸ்காட்லாந்து 16 வயதுப் பிள்ளைகளுக்கும் வாக்குரிமை கொடுத்தது, ஆண் பெண் இருவருக்கும். 2016-ல் பிரிட்டன் 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அன்று 16 வயதில் இருந்தவர்கள் விலகலுக்குப் பின் வந்த உலகில்தான் வேலை தேடத் தொடங்கினார்கள்.